பொன்முடி அடிவாரத்தில் மூலக்கூறுகளின் இடமும் வலமும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகிறவர்கள் 22 கொண்டை ஊசி வளைவுகளைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள். மலை ஏறுமுன் வரும் விதுராவில், 2008இல் தொடங்கிய ‘ஐசர்’ அறிவியல் நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. அங்கே மூலக்கூறுகளின் கைத்தன்மையை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் வேதியியலாளர் கே. ஜார்ஜ் தாமஸ்.

ஒரே அணுக்கள், ஒரே பிணைப்புகள். ஆனாலும் இடக்கால் செருப்பும் வலக்கால் செருப்பும் போல ஒரு மூலக்கூறு மற்றதன் கண்ணாடி பிம்பமாக இருப்பதுதான் கைத்தன்மை. எடையும் கொதிநிலையும் மாறாது. வித்தியாசம் உடலுக்குத் தெரியும். பூனைக்காலி விதையிலுள்ள இடக்கை டோபா, பார்க்கின்சன் நோய்க்கு மருந்து. வலக்கை டோபா அதற்கு உதவாது.

இவற்றைப் பிரித்துக் காட்டுவது தளவிளைவுற்ற ஒளி, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளி. கரைசல் வழியே போகும்போது அந்தத் தளத்தை ஒரு வடிவம் வலப்புறம் திருப்பும். மற்றது அதே அளவு இடப்புறம். நம் சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சாற்றின் ‘போல்’, அதாவது சர்க்கரை அளவு, பார்ப்பது இப்படித்தான்.

ஆலையில் குழாய் நிறையச் சாறு இருக்கிறது. ஒரு பரப்பின்மேல் ஒற்றை அடுக்காகப் படிந்த மூலக்கூறுகளில் ஒளி கடக்கும் தூரமோ சுமார் ஒரு நானோமீட்டர். கைத்தன்மையைக் காட்டும் மற்றோர் அடையாளம், வலமாகச் சுழலும் ஒளியையும் இடமாகச் சுழலும் ஒளியையும் உறிஞ்சுவதில் உள்ள வேறுபாடு. அது கரைசலிலேயே பெரும்பாலும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. படலத்தில் அது கருவியின் இரைச்சலோடு கலந்துவிடும்.

இங்கே தங்கம் கைகொடுக்கிறது. 2010இல் ஜினோ ஜார்ஜும் ஜார்ஜ் தாமஸும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு ஃபீனைல்அலனின் சேர்ந்த பெப்டைடு, தானாகவே நுண்குழாய்களாக அடுக்கிக்கொள்ளும். அந்தக் குழாய்களின் மேற்பரப்பில் தங்க நானோ துகள்களை ஒட்டினார்கள். பெப்டைடு உறிஞ்சுவது புற ஊதாவை. தங்கத் துகளின் எலெக்ட்ரான்கள் கூட்டாக ஊசலாடுவது பச்சை ஒளியில். கைத்தன்மையின் அடையாளம் அந்தப் பச்சைப் பகுதியில் தெரிந்தது! இடக்கைப் பெப்டைடை மாற்றி வலக்கைப் பெப்டைடை வைத்ததும் வரைகோடு தலைகீழானது. அந்தத் துகள்களுக்குச் சொந்தமாக இடமும் இல்லை, வலமும் இல்லை. தாங்கிய குழாயின் கையை அவை கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்துச் சொல்லின. இந்த ஆய்வில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான்.

பரப்பை அளப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து வரிசையாகப் படிந்திருந்தால், கைத்தன்மையே இல்லாதபோதும் கருவி பொய்க்குறி காட்டக்கூடும். ஆகவே படலத்தைச் சுழற்றியும், முன்பக்கம் பின்பக்கம் திருப்பியும் அளக்கிறார்கள்; எல்லா நிலையிலும் மாறாமல் நிற்கும் குறியையே கைத்தன்மையின் கணக்கில் சேர்க்கிறார்கள்.