விலை பேசியாகிவிட்டது, பொறுப்பு யாருடையது?

வெளிநாட்டிலிருந்து சரக்குத் தருவிக்கும் நம் வணிகர்கள் விலை பேசுவதில் கெட்டிக்காரர்கள். திருப்பூரில் ஒரு டி-சட்டைக்கு ஐந்து ரூபாய் குறைக்கவோ, சீனாவின் யீவூ மொத்தச் சந்தையில் அலங்கார விளக்குகளுக்குப் பேரம் பேசவோ அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், அந்த விலைக்குப் பக்கத்தில் விற்பவர் எழுதிக் கொடுக்கும் மூன்று எழுத்துகளைக் கவனிப்பவர்கள் குறைவு. எஃப்.ஓ.பி. அல்லது சி.ஐ.எஃப். என்று இருக்கும் அவைதான், வழியில் சரக்குக்கு ஏதேனும் நேர்ந்தால் நட்டம் யார் தலையில் விழும் என்பதை முடிவு செய்கின்றன.

பாரிசைத் தலைமையகமாகக் கொண்ட அனைத்துலக வர்த்தகச் சங்கம் 1936-இல் வகுத்த விதிகளில் வருபவை இவை. அந்த விதிகளின் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இவை உள்ளன. எஃப்.ஓ.பி. என்றால், சரக்கைக் கப்பலில் ஏற்றுவது வரைதான் விற்பவர் வேலை. கப்பல் கட்டணமும் காப்புறுதியும் வாங்குபவருடையவை. சி.ஐ.எஃப். என்றால் அவ்விரண்டையும் விற்பவரே கட்டிவிடுவார். எனவே கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் வரை சரக்கு அவர் பொறுப்பு என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த நினைப்பு தவறானது. கிள்ளான் வரை அவர் ஏற்றுக்கொண்டது செலவை மட்டுமே. பொறுப்போ, தூத்துக்குடியில் சரக்கு கப்பலில் ஏறியதுமே வாங்குபவர் கைக்கு மாறிவிடுகின்றது.

அதுதான் காப்புறுதி இருக்கின்றதே என்று கேட்கலாம். சி.ஐ.எஃப். விதிப்படி விற்பவர் எடுக்க வேண்டியது ஆகக் குறைந்த காப்புறுதியே. 'சி' பிரிவு எனப்படும் இதில் தீ, கப்பல் மூழ்குதல், மோதல் போன்ற பெரிய விபத்துகள் அடங்கும். திருட்டு அடங்காது. கொள்கலன் கூரையின் ஓட்டை வழியே மழைநீர் ஒழுகித் துணி பூஞ்சை பிடித்தாலும் இழப்பீடு கிடைக்காது. சிறு வணிகருக்கு இப்படிப்பட்ட சில்லறைச் சேதங்கள்தாம் பெருந்தொல்லை. 'ஏ' பிரிவுக் காப்புறுதி வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெரிய விபத்துகளும் எங்கோ நடப்பவை அல்ல. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே தீப்பற்றி, ஜூன் மாதத்தில் மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் சிங்கப்பூரில் பதிவு பெற்ற கப்பல். அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அதே ஆண்டு மார்ச் 23-இல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிக்கொண்ட எவர் கிவன் கப்பலோ இன்னொரு பாடத்தைக் காட்டியது. ஆறு நாட்களில் அது விடுபட்டாலும், இழப்பீட்டுத் தகராற்றில் எகிப்து அதை ஜூலை 7 வரை விடவில்லை. கப்பலின் உரிமையாளர் பொதுச் சேதப் பங்கீட்டை அறிவித்தார். அதாவது, கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன செலவைச் சரக்கின் உரிமையாளர்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது கடல் வாணிபத்தின் பழைய வழக்கம். தங்கள் சரக்கு சேதமடையாதவர்களும் உத்தரவாதம் கொடுத்தால்தான் அதை எடுக்க முடியும். காப்புறுதி உள்ளவர்களுக்கு அந்த நிறுவனமே உத்தரவாதம் கொடுக்கும். இல்லாதவர்கள் ரொக்கமாக முன்பணம் கட்ட வேண்டும்.

சி.ஐ.எஃப். விலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. 20 அடிக் கொள்கலனின் உட்கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். அதை நிரப்ப முடியாதவர்கள் பிறர் சரக்கோடு பங்குக் கொள்கலனில் அனுப்புவார்கள். கப்பல் கட்டணம் ஒன்றுமே இல்லை என்பதுபோல் விற்பவர் மலிவாகச் சொல்வார். அவர் பிடித்த முகவர் அந்தக் குறையை இங்கே ஈடுகட்டிக்கொள்வார். கிடங்குக் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று வரும் பட்டியலைக் கண்டு கடைக்காரர் திகைத்துப் போவார்; பணம் கட்டாமல் சரக்கை எடுக்கவும் முடியாது. எஃப்.ஓ.பி.யில் வாங்கி, உள்ளூர் முகவரிடம் கடை வாசல் வரையான மொத்தச் செலவையும் முன்னதாகவே எழுத்தில் கேட்டுப் பெறுவது மேல்.

பணம் கட்டும் முறைக்கு வருவோம். 30 விழுக்காடு முன்பணம், மீதி 70 விழுக்காடு கப்பலில் ஏற்றிய பிறகு என்பது பரவலான வழக்கம். தரப் பரிசோதனையைக் கொள்கலன் பூட்டப்படுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். துணியின் சாயம் போகின்றதா, அளவு சரியா என்பதைக் கிள்ளானில் பிரித்துப் பார்த்து என்ன பயன்? பூட்டும்போது கொள்கலன் எண்ணும் முத்திரை எண்ணும் தெரியும்படி படம் எடுத்து அனுப்பச் சொல்வது காசு செலவில்லாத பாதுகாப்பு.

கடைசியாக ஆவணங்கள். இறக்குமதி வரிச் சலுகை பெற, இந்தியச் சரக்குக்கு ஏ.ஐ. படிவமும் சீனச் சரக்குக்கு இ படிவமும் பிறப்பிடச் சான்றிதழ்களாகத் தேவைப்படும். சரக்குக்கு உரிமைப் பத்திரமாக விளங்கும் கப்பல் ரசீதின் அசல், மீதிப் பணம் கிடைக்கும் வரை விற்பவர் கையில் இருக்கும். தென்னிந்தியாவிலிருந்து கடல் பயணம் குறுகியது என்பதால், சில நேரங்களில் அசல் ரசீது கூரியரில் வருவதற்குள் கப்பலே வந்துவிடும். இலவச நாட்கள் கழிந்ததும் துறைமுகம் ஒரு பக்கமும் கப்பல் நிறுவனம் ஒரு பக்கமும் நாள் கணக்கில் கட்டணம் விதிக்கும். இதைத் தவிர்க்க, அசல் இல்லாமலே சரக்கை விடுவிக்க ஏற்றுமதித் துறைமுகத்திலிருந்து தகவல் அனுப்பச் சொல்லலாம். இதற்கு 'டெலக்ஸ் ரிலீஸ்' என்று பெயர். டெலக்ஸ் இயந்திரம் மறைந்து இன்று மின்னஞ்சலில்தான் எல்லாம் நடக்கின்றது. மீதி 70 விழுக்காட்டை அனுப்பும் அதே நாளில் விற்பவரிடம் இதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.