பண்டிகைக் காலமும் கைப்பேசிச் செய்திகளும்

ஐப்பசி தொடங்கித் தை முடியும் வரையுள்ள காலம் நமது அங்கத்தினர்களின் கையில் பணம் புழங்கும் காலமாகும். நெசவாளருக்குத் தீபாவளியை ஒட்டிக் கூலிப் பாக்கி வந்து சேருகிறது. காணை, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் மானாவாரி மணிலா ஐப்பசியில் விலையாகிறது. தையில் சம்பா நெல் களத்துக்கு வருகிறது. முன்பெல்லாம் இந்தப் பணம் நோட்டாக மடியில் முடிந்து வீடு வந்தது. இப்போது பாங்குக் கணக்குக்கு நேரே போகிறது. கணக்கின் சாவியோ கைப்பேசியில் இருக்கிறது. மடியிலிருந்ததைத் திருட, திருடன் ஊருக்குள் வர வேண்டியிருந்தது. இன்று அவன் வர வேண்டியதில்லை. ஒரு குறுஞ்செய்தி போதும்.

சென்ற தீபாவளியின்போது நமது சரகத்தைச் சேர்ந்த ஓர் அங்கத்தினருக்கு நேர்ந்ததை, அவர் சம்மதத்தோடு பெயர் கூறாமல் இங்கே எழுதுகிறோம். மணிலா விற்ற பணம் அவர் கணக்கில் இருந்தது. "உங்கள் பார்சல் வந்திருக்கிறது, முகவரி சரியில்லை, இன்றே திருத்தாவிடில் திரும்பிப் போகும்" என்று ஒரு செய்தி வந்தது. அவர் மகள் உண்மையாகவே துணிக்கு ஆர்டர் கொடுத்திருந்தாள். ஆகவே ஐயம் எழவில்லை. செய்தியிலிருந்த இணைப்பைத் தொட்டார். 25 ரூபாய் கட்டணம் என்று கேட்டது. கார்டு எண்ணையும் பின்னர் வந்த ஓ.டி.பி. எண்ணையும் பதிந்தார். போனது 25 ரூபாயல்ல, 18,500 ரூபாய். அதைவிட வருந்தத்தக்கது மற்றொன்று. வீட்டார் ஏசுவார்களே என்று வெட்கி, நான்கு நாட்கள் அவர் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த நான்கு நாட்களில் பணம் கைமாறிக் கைமாறி மறைந்துவிட்டது.

இது புதிய தந்திரமன்று. 2024-இல் இந்தியத் தபால் துறையின் பெயரால் இதே மாதிரிச் செய்திகள் நாடெங்கும் பரவின. 48 மணி நேரத்துக்குள் முகவரியைத் திருத்தும்படி அவை கூறின. தபால் துறை அப்படிச் செய்தி அனுப்புவதில்லை என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் நிறுவனம் மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. அதற்கு முன், 2022-இல், "கட்டணம் செலுத்தவில்லை, இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குப் பேசவும்" என்ற செய்தி தமிழ்நாடெங்கும் வந்தது. போலீசாரும் மின்வாரியமும் எச்சரித்தனர். இப்பொழுது விவசாயிகளின் உதவித் தொகைத் திட்டத்தின் பெயராலும், கலியாணப் பத்திரிகை என்ற பெயராலும் ஏ.பி.கே. என்னும் கோப்புகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. அதை நிறுவிவிட்டால், நமக்கு வரும் ஓ.டி.பி. செய்தியை அதுவே படித்து மோசக்காரனுக்கு அனுப்பிவிடக் கூடும்.

இவற்றையெல்லாம் கூர்ந்து நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். ஒவ்வொன்றிலும் நாம் நம்பும் ஒரு ஸ்தாபனத்தின் பெயர் இருக்கும். ஒரு கெடு இருக்கும். தொட வேண்டிய இணைப்போ, பேச வேண்டிய எண்ணோ இருக்கும். கெடு எதற்கு? நாம் யோசிக்காதிருப்பதற்காக. பண்டிகைக் காலத்தில் பார்சலும் பணமும் உண்மையாகவே வருவதால் ஆயிரம் பேருக்கு அனுப்பினால் சிலருக்கேனும் பொருந்திவிடுகிறது.

சங்கக் கணக்கைத் தணிக்கை செய்யும்போது, ஒவ்வொரு செலவு வவுச்சரைக் குறித்தும் நாம் மூன்று கேள்விகள் கேட்கிறோம். அவற்றையே வீட்டிலும் கேட்கலாம்.

முதலாவது, கேட்டவர் யார்? பாங்குகளும் அரசு அலுவலகங்களும் பதிவு செய்யப்பட்ட எழுத்துப் பெயரிலேயே குறுஞ்செய்தி அனுப்புகின்றன. 2025 முதல் அப்பெயரின் இறுதியில், விளம்பரமானால் பி, சேவையானால் எஸ், பணப் பரிமாற்றமானால் டி, அரசுச் செய்தியானால் ஜி என்ற ஆங்கில எழுத்து சேர்க்கப்படுகிறது. பாங்கின் பெயரைச் சொல்லிக்கொண்டு சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வரும் செய்தி ஐயத்துக்குரியது. எனினும் எழுத்துப் பெயர் இருந்தால் போதுமென்று நினைத்துவிடலாகாது. அடுத்த இரண்டு கேள்விகளும் அவசியம்.

இரண்டாவது, எதற்காக? பணம் பெறுவதற்கு யூ.பி.ஐ. ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை; பணம் அனுப்புவதற்கே அது தேவை. ஆகவே, "பரிசுத் தொகை வர ரகசிய எண்ணைப் பதியுங்கள்" என்று கூறுபவன், நம் பெட்டியை நம் சாவியாலேயே திறக்கச் சொல்கிறான். ஓ.டி.பி. எண்ணும் அத்தகையதே. பாங்கு அதிகாரியானாலும், நமது சங்கச் சிப்பந்தியேயானாலும், தொலைபேசியில் அதைக் கேட்டால் சொல்லலாகாது. பொங்கல் பரிசுத் தொகுப்பு நியாய விலைக் கடைகளில் வழங்கப்பட்ட ஆண்டுகளில், டோக்கன்களைக் கடை ஊழியர்களே வீடு வீடாகக் கொடுத்தனர். இணைப்பைத் தொட்டுப் பெறுவதாக வரும் பரிசு எதுவாயினும், கடையில் கேட்டறியாமல் அதை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, அனுமதித்தவர் யார்? சங்கத்தில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டுப் பணம் எடுக்க முடியாது. வீட்டிலும் அவ்வாறே, அறியாத இடத்துக்குப் பணம் அனுப்புமுன் இன்னொருவரிடம் செய்தியை வாசித்துக் காட்டுவோம். உரக்க வாசிக்கும்போதே பாதிப் பொய் வெளிப்பட்டுவிடும்.

ரகசிய எண்ணைப் பிறர் கையில் விடுவதன் விளைவை நமது மாவட்டம் நன்கறியும். 2020-இல் பிரதமர் கிசான் திட்டத்தில் அலுவலர்களின் கடவுச்சொற்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டு, தகுதியற்ற பலர் பயனாளிகளாகச் சேர்க்கப்பட்டனர். விழுப்புரம் உட்படப் பல மாவட்டங்களில் இது நடந்தது. முறைகேடு சுமார் 110 கோடி ரூபாய் என்று அரசு அப்போது தெரிவித்தது. படித்த அலுவலர்களின் கடவுச்சொல்லே பிறர் கைக்குப் போனதென்றால், ஏமாந்த நெசவாளரையோ உழவரையோ அறிவிலி என்று ஏசுவது நியாயமாகாது.

மோசம் போய்விட்டால் செய்ய வேண்டியது என்ன? உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். புகார் பதிவானதும், பணம் எந்தக் கணக்கில் தங்கியிருக்கிறதோ அங்கேயே அதை நிறுத்திவைக்கும்படி பாங்குகளுக்குத் தகவல் செல்கிறது. எடுத்துவிட்ட பணத்தை நிறுத்த முடியாது. ஆகவேதான் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தளத்திலும் புகார் செய்யலாம். அடுத்துத் தமது பாங்குக்கும் தெரிவித்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதிகள், அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு பாங்குகளுக்கும் விதிக்கப்பட்டன. பாங்கின் மீதோ வாடிக்கையாளர் மீதோ பிழையின்றி வெளியாரால் நேர்ந்த நஷ்டத்தை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று அவை கூறின. ரகசியத்தைத் தாமே கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரை ஏற்பட்ட நஷ்டம் அவருடையது. தெரிவித்தபின் நேர்வது பாங்கினுடையது. எப்படிப் பார்த்தாலும் தாமதத்தால் நஷ்டமே. பணம் போகாவிட்டாலும், ஐயத்துக்குரிய செய்தியை சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் தெரிவிக்கலாம்.

நிர்வாகக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1930 என்ற எண்ணைச் சங்க அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். மாதக் கூட்டத்தில், அங்கத்தினருக்கு வந்த பொய்ச் செய்தி ஒன்றையாவது வாசித்துக் காட்ட வேண்டும். ஏமாந்தவர் யாரேனும் வந்தால், கேள்வி கேட்குமுன் தொலைபேசியை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மேலே கூறிய அங்கத்தினர் நம்மிடம் சொன்னது ஒன்றுதான்: "அன்றைக்கே சங்கத்துக்கு வந்திருப்பேன் ஐயா, சிரிப்பார்களோ என்று பயந்தேன்." ஒருவர் நஷ்டத்தைக் கண்டு சிரிக்காத இடமாகச் சங்கம் இருக்குமானால், இத்தீபாவளிக்கு நம் அங்கத்தினர் பலரின் பணம் அவர்களிடமே தங்கும்.