கணையத்தில் கட்டி என்றாலே புற்றுநோய்தானா?



மருத்துவ உதவி கேட்டு வருபவர்களில் சிலர், ஸ்கேன் கவரை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். 'கணையத்தில் கட்டி, புற்றுநோயாக இருக்கலாம்' என்ற ஒரு வரியே குடும்பத்தைக் குலைத்துவிடுகிறது. நிலத்தை அடமானம் வைப்போரும் உண்டு. இனிப் பயனில்லை என்று ஆலங்குளத்துக்கே திரும்பிவிடுவோரும் உண்டு. இரண்டுக்கும் முன் ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும்.

இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம், உணவைச் செரிக்கும் நீரையும் இன்சுலினையும் சுரக்கிறது. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் எதிர்ப்புச் சக்தி, சிலருக்கு வழிதவறிக் கணையத்தையே தாக்கும். அது வீங்கிப் பித்தக் குழாயை நெருக்கும்போது மஞ்சள் காமாலை வரும், உடல் மெலியும், சர்க்கரை கூடும், வலி அதிகம் இருக்காது. புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கும். ஸ்கேனிலும் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம்.

இந்த நோய்க்கு 1995-ல் ஜப்பான் மருத்துவர்கள் தனிப் பெயர் கொடுத்தார்கள். 2001-ல் அந்நாட்டின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தினர், இந்நோயாளிகளின் இரத்தத்தில் ஐஜிஜி-4 என்ற புரதம் கூடியிருப்பதைக் கண்டறிந்தார்கள். புற்றுநோய் என்று கருதிப் பெரிய அறுவை செய்தபின், எடுத்த சதையில் புற்றே இல்லை என்று தெரியவந்தவர்களும் உண்டு. வயதான ஆண்களிடமே இது அதிகம். இளவயதினருக்கு வரும் இன்னொரு வகையில் ஐஜிஜி-4 பெரும்பாலும் கூடாது.

மருந்து எளியது. ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையில் சில வாரங்களிலேயே வீக்கம் வற்றத் தொடங்கும். திரும்ப வரவும் கூடும் என்பதால் தொடர் கவனிப்பு வேண்டும்.

ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம்: இது அரிய நோய். இத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே. சில புற்றுநோயாளிகளுக்கும் ஐஜிஜி-4 கூடும். ஆகவே இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி நாளைக் கடத்தக் கூடாது. மருந்துக்கடையில் ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிடவும் கூடாது. காமாலை என்றதும் பச்சிலை மருந்திலேயே வாரங்களைக் கழிப்பதும் ஆபத்து.

தென்காசியிலோ திருநெல்வேலியிலோ குடல், கணைய நோய் நிபுணரைப் பார்த்து மூன்றைக் கேளுங்கள்:

1. இது எதிர்ப்புச் சக்தியால் வந்த வீக்கமாக இருக்குமா?
2. ஐஜிஜி-4 பரிசோதனை வேண்டுமா?
3. அறுவைக்கு முன் எண்டோஸ்கோப்பி வழியாகச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமா?

மருத்துவரே ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தால், அவர் சொன்ன நாளில் மறு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். வீக்கம் குறையாவிட்டால் புற்றுநோயை மீண்டும் தேட வேண்டியிருக்கும்.

மாத்திரை சாப்பிடுவோர் நோன்புக்காக அதைத் திடீரென நிறுத்த வேண்டாம். முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

வல்ல அல்லாஹ் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.