எங்கிருந்து வந்தது இந்தக் குலை நோய்?

நெல் விவசாயிக்குக் குலை நோயை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இலையில் கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. கணுவில் வந்தால் தண்டு ஒடியும். கதிரின் கழுத்தில் வந்தால் விளைந்ததெல்லாம் பதர். மார்கழிப் பனி, மேகமூட்டம், விட்டு விட்டுத் தூறல் மூன்றும் சேர்ந்து, போதாக்குறைக்கு யூரியாவையும் அள்ளிப் போட்டிருந்தால் ஒரே வாரத்தில் வயலின் நிறமே மாறிவிடும். இதற்குக் காரணமான பூஞ்சாணத்தின் பெயர் மேக்னபோர்த்தே ஒரைசே. இதே இனத்தைச் சேர்ந்த பூஞ்சாணம் கோதுமையையும் அழிக்கும் என்பது நம் பகுதியில் பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் 2016 வரை இருக்கவில்லை.

அந்த ஆண்டு பிப்ரவரியில் வங்கதேசத்தின் தென்மேற்கு மாவட்டங்களில் கோதுமைக் கதிர்கள் திடீரென்று வெளுத்தன. தூரத்திலிருந்து பார்த்தால் பயிர் சீக்கிரம் முற்றிவிட்டது போலத் தெரியும். கதிரைக் கசக்கினால் உள்ளே சுருங்கிப்போன மணி. மெஹர்ப்பூர், குஷ்டியா, சுவாடாங்கா, ஜெசோர் என்று எட்டு மாவட்டங்களில் ஏறத்தாழ 15,000 ஹெக்டேர் பாதிக்கப்பட்டது. நோய் தாக்கிய மாவட்டங்களில் இருந்த அரசு விதைப் பண்ணைகளின் கோதுமை வயல்களுக்குத் தீ வைத்தார்கள். விதைக்காக வளர்த்த பயிரை எரிப்பது என்றால், அடுத்த ஆண்டு விதைக்கு எங்கே போவது என்ற கேள்வியும் அந்தப் புகையோடு சேர்ந்தே எழும்.

கோதுமைக் குலை நோய் உலகத்துக்குப் புதிதல்ல. 1985-ல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பொலிவியா, பராகுவே, அர்ஜென்டினா என்று பரவியது. ஆனால் முப்பது ஆண்டுகளாகத் தென் அமெரிக்காவைத் தாண்டிப் பெரிய அளவில் எங்கும் அது தலைகாட்டவில்லை. அப்படியானால் வங்கதேசத்துக்கு எப்படி வந்தது?

விடை இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். உள்ளூர் நெல்வயலில் ஏற்கெனவே இருந்த குலை நோய்ப் பூஞ்சாணம் தன்னை மாற்றிக்கொண்டு பக்கத்துக் கோதுமைக்குத் தாவியிருக்கலாம். அல்லது தென் அமெரிக்கப் பூஞ்சாணம் தானியத்தோடோ விதையோடோ கடல் கடந்து வந்திருக்கலாம். இது ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டுமான கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். முதல் விடை சரியென்றால், நெல்லும் கோதுமையும் மாறி மாறி விளையும் கங்கைச் சமவெளி முழுவதும் இதே தாவல் எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம். எல்லையில் காவல் போட்டுப் பயனில்லை. இரண்டாவது சரியென்றால், தானிய இறக்குமதியையும் விதைப் போக்குவரத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். அதைவிட முக்கியமாக, தென் அமெரிக்காவில் எதிர்த்து நின்ற கோதுமை ரகங்களை நம்பி இங்கே இறக்கலாம்.

காஜிப்பூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் தொஃபஸ்ஸல் இஸ்லாம், இங்கிலாந்தின் நார்விச் நகரில் உள்ள செயின்ஸ்பரி ஆய்வகத்தின் சோஃபியன் கமூனோடு கைகோத்தார். வயலில் இருந்து நோயுற்ற இலைகளைப் பறித்து, உயிருள்ள பூஞ்சாணம் வெளிநாட்டுக்குப் போய்விடாதபடி பதப்படுத்தி அனுப்பினார்கள். வழக்கமாக, பூஞ்சாணத்தைத் தனியே பிரித்து, தட்டில் வளர்த்து, பிறகுதான் அதன் மரபுப் பொருளைப் படிப்போம். அதற்கே வாரக்கணக்கில் ஆகும். இவர்கள் இலையில் இருந்த ஆர்.என்.ஏ.வை நேரடியாகப் படித்தார்கள். கோதுமையின் எழுத்துகளும் பூஞ்சாணத்தின் எழுத்துகளும் கலந்து வரும். கணினி அவற்றைப் பிரித்துக் கொடுக்கும். கோதுமை மஞ்சள் துரு நோய்க்காக இங்கிலாந்தில் டயான் சாண்டர்ஸ் குழுவினர் சற்று முன்புதான் உருவாக்கியிருந்த முறை இது.

இதுவரை நடந்தது நல்ல அறிவியல், அவ்வளவுதான். அடுத்து அவர்கள் செய்ததுதான் நான் இதை எழுதக் காரணம். படித்த தரவுகளை, தாங்களே முழுதும் ஆராய்ந்து முடிப்பதற்கு முன்பே, இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து ஆராயலாம், தெரிந்ததைச் சொல்லலாம். ஆய்வுத் துறையில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். கட்டுரை அச்சாகும் வரை தரவை மேசை இழுப்பறையில் பூட்டி வைப்பதுதான் எங்கள் வழக்கம். முந்திக்கொண்டு வேறு யாராவது எழுதிவிடுவார்களோ என்ற பயம் பதவி உயர்வோடும் நிதியோடும் பின்னிக் கிடக்கிறது.

கமூனைச் சுற்றியிருந்தவர்களுக்கு இதில் முன் அனுபவம் இருந்தது. 2012-ல் இங்கிலாந்தில் ஆஷ் மரங்களைக் காயவைக்கும் பூஞ்சாண நோய் நுழைந்தபோதும் இதே ஆய்வகத்தினர் தரவுகளை உடனே பொதுவில் வைத்தார்கள். மென்பொருள் எழுதுபவர்கள் கூடி வேலை செய்யும் கிட்ஹப் தளத்தையே அதற்கும் பயன்படுத்தினார்கள். மறு ஆண்டு, அந்தத் தரவை வைத்துப் பொதுமக்கள் விளையாட ஒரு ஃபேஸ்புக் விளையாட்டையும் உருவாக்கினார்கள். மரபணு வரிசைகளை வண்ண இலைகளாக மாற்றி, ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். விளையாடியவர்களின் விடைகள் ஆய்வுக்கு உதவின.

கோதுமைத் தரவு வெளியான சில வாரங்களில் சுவிட்சர்லாந்தில் இருந்த டேனியல் க்ரோல் அதை எடுத்து ஆராய்ந்தார். அவரிடமும் வேறு குழுக்களிடமும் பிரேசில் கோதுமை, நெல், புற்கள் ஆகியவற்றில் எடுத்த பூஞ்சாணங்களின் மரபணு வரிசைகள் இருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, வங்கதேசப் பூஞ்சாணம் நெல் பூஞ்சாணங்களின் பக்கமே போகவில்லை. தென் அமெரிக்கக் கோதுமைப் பூஞ்சாணங்களின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. பல நாட்டவர் சேர்ந்து எழுதிய கட்டுரை அந்த அக்டோபரிலேயே அச்சில் வந்தது. நோய் தென்பட்டு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

'உட்கார்ந்துகொண்டது' என்றேன். எங்கே என்று கேட்பீர்கள். பரிணாம உயிரியலில் வம்சாவளி மரம் என்று ஒன்று வரைவோம். அதன் தத்துவம் தமிழ் வாசகர்களுக்கு எளிதில் பிடிபடும். உ.வே.சாமிநாதையர் ஒரே நூலின் பல ஏட்டுச் சுவடிகளைத் தேடி எடுத்து ஒப்பிட்டார் அல்லவா? சுவடியைப் பெயர்த்து எழுதுபவர் ஓரிடத்தில் ஒரு பிழை செய்தால், அதைப் பார்த்து எழுதுகிறவர்களின் ஏட்டிலும் அந்தப் பிழை இருக்கும். ஒரே இடத்தில் ஒரே பிழை உள்ள ஏடுகள் ஒரு குடும்பம். பூஞ்சாணத்தின் மரபணுத் தொகுதி சுமார் 4 கோடி எழுத்துகள் கொண்ட ஏடு. தலைமுறைக்குத் தலைமுறை படியெடுக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்து மாறும். எந்த மாற்றம் யாரிடம் இருக்கிறது என்று ஒப்பிட்டால் யார் யாருக்கு உறவு என்பது தெரிந்துவிடும்.

நாலு கோடி எழுத்தைக் கண்ணால் ஒப்பிட முடியாது. அதற்குத்தான் மென்பொருள். இந்தத் துறைக்கு ஒரு நல்ல மரபு உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் 1980-லேயே வம்சாவளி மரம் வரையும் ஃபைலிப் என்ற மென்பொருள் தொகுப்பை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார். இன்று உலகெங்கும் பயன்படும் ராக்ஸ்எம்எல், ஐக்யூ-ட்ரீ, பீஸ்ட் போன்றவையும், அவற்றின் முடிவுகளைப் படமாக்க உதவும் ஆர் என்ற கணினி மொழியும் திறமூல மென்பொருள்கள். காசு கிடையாது என்பது இதில் சிறிய விஷயம். உள்ளே என்ன கணக்கு நடக்கிறது என்பதைத் திறந்து பார்க்கலாம், தவறிருந்தால் திருத்தலாம், திருத்தியதை மற்றவருக்கும் கொடுக்கலாம். காஜிப்பூர் மாணவரும் நார்விச் மாணவரும் ஒரே கருவியை வைத்து ஒரே தரவை ஆராய்ந்து ஒரே விடை வருகிறதா என்று பார்க்க முடிந்தது இதனால்தான். பூட்டிய பெட்டி போன்ற மென்பொருளாக இருந்தால், உரிமத்துக்குக் காசு கட்டியவர் சொல்வதை மற்றவர்கள் நம்ப வேண்டியதுதான்.

விடை கிடைத்ததால் வயலில் என்ன மாறியது? பொலிவியாவில் குலை நோய்க்கு நடுவே வளர்த்துச் சோதித்த ரகம் வங்கதேசத்திலும் தாங்கும் என்று நம்பக் காரணம் கிடைத்தது. 2017-ல் வெளியான பாரி கோம் 33 அப்படி வந்த ரகம். ஏஜிலாப்ஸ் வென்ட்ரிகோசா என்ற காட்டுப் புல்லில் இருந்து கோதுமைக்குள் வந்த ஒரு குரோமோசோம் துண்டு அதற்கு எதிர்ப்புச் சக்தியைத் தருகிறது. இதையே நம்பியிருக்கவும் முடியாது. அந்தத் துண்டை மீறும் பூஞ்சாண வகைகள் தென் அமெரிக்காவில் ஏற்கெனவே வந்துவிட்டன.

எல்லைக்கு இந்தப் பக்கம், மேற்கு வங்கத்தின் நதியா, முர்ஷிதாபாத் மாவட்டங்களில் 2017-ல் சந்தேகத்துக்குரிய வயல்கள் எரிக்கப்பட்டு, அங்கே இரண்டு ஆண்டுகளுக்குக் கோதுமைச் சாகுபடி நிறுத்தப்பட்டது. எல்லையை ஒட்டி 5 கிலோமீட்டருக்குள்ளும் தடை விதித்தார்கள்.

இந்தப் பூஞ்சாணம் பிரேசிலில் கோதுமைக்கு வந்த கதை இன்னும் சுவையானது, கொஞ்சம் கசப்பானதும்கூட. ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூகியோ தோசா குழுவினர் 2017-ல் அதை வெளியிட்டார்கள். கோதுமையில் ஆர்டபிள்யூடி3 என்ற மரபணு உண்டு. புற்களில் வாழும் குலை நோய்ப் பூஞ்சாணம் சுரக்கும் ஒரு புரதத்தை அது அடையாளம் கண்டு, கதவைச் சாத்திவிடும். பிரேசிலில் அந்த மரபணு இல்லாத கோதுமை ரகங்கள் பரவலாகப் பயிரானபோது, காவலாளி இல்லாத வீட்டுக்குள் நுழைவதுபோல் புல் பூஞ்சாணம் கோதுமைக்குள் நுழைந்தது. உள்ளே வந்த பிறகு, அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணு செயலிழந்த பூஞ்சாணங்கள் தோன்றின. அதன்பின் காவலாளி இருந்த ரகங்களிலும் நுழையத் தடையில்லை. ரகத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் விளைச்சலைப் பார்த்தார்கள். அந்த மரபணு இருக்கிறதா என்று பார்க்க அன்று யாருக்கும் வழி கிடையாது.

நம் கோயம்புத்தூருக்கும் இந்தக் கதையில் ஒரு இடம் உண்டு. அங்கே உருவான கோ 39 நெல் ரகம், குலை நோய்க்கு எளிதில் ஆளாகும் ரகம் என்பதால் உலகெங்கும் ஆய்வுகளில் ஒப்பீட்டுக்குப் பயன்பட்டது. ஆனால் வேறு புல்லில் இருந்து எடுத்த பூஞ்சாண வகையை அது எதிர்த்து நின்றது! அந்த எதிர்ப்பைத் தூண்டும் பூஞ்சாண மரபணுவுக்கு ஏவிஆர்1-கோ39 என்றே பெயர் வைத்தார்கள். நெல்லைத் தாக்கும் பூஞ்சாணங்களில் பெரும்பாலானவற்றில் அந்த மரபணு இல்லை.

பயிற்சிக் கூட்டங்களில், குறிப்பாகக் கிருஷ்ணகிரிப் பக்கம், "சார், ராகியில இருக்கிற குலை நோய் நம்ம நெல்லுக்கு வருமா?" என்று கேட்பார்கள். பொதுவாக வராது. இனம் ஒன்றாக இருந்தாலும் நெல்லுக்கு ஒரு கிளை, கேழ்வரகுக்கு ஒரு கிளை, கோதுமைக்கு ஒரு கிளை என்று பிரிந்திருக்கிறது. 'பொதுவாக' என்ற சொல்லை ஏன் விடமாட்டேன் என்றால், அதற்கு ஆப்பிரிக்காவில் இருந்து ஒரு காரணம் வந்திருக்கிறது. 2018-ல் ஜாம்பியாவின் கோதுமையிலும் குலை நோய் தென்பட்டது. 2023-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு, வங்கதேசத்துக்கும் ஜாம்பியாவுக்கும் ஒரே தென் அமெரிக்கக் கிளை தனித்தனியாகப் போய்ச் சேர்ந்ததாகக் காட்டியது. அதே ஆய்வில், இந்தக் கோதுமைப் பூஞ்சாணம் ஆப்பிரிக்கக் கேழ்வரகுப் பூஞ்சாணத்தோடு இனக்கலப்பு செய்ய வல்லது என்பதை ஆய்வகத்தில் பார்த்தார்கள். வயலில் அப்படி நடந்தால் என்ன பிறக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கேழ்வரகு விளையும் நம் நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

தரவைத் திறந்து வைப்பதில் நமக்குத் தயக்கம் இருப்பதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். நம் பாரம்பரிய ரகங்களின் மரபணுத் தகவலை எடுத்துப் பெரிய நிறுவனங்கள் காப்புரிமை வாங்கிவிடுமோ என்ற அச்சம் உண்மையானது. ஆனால் விதையின் தரவு வேறு, நோயின் தரவு வேறு. பூஞ்சாணத்தின் வரிசையைப் பூட்டி வைப்பதால் நம் விவசாயிக்கு ஒரு பைசா லாபமும் கிடையாது. நோய் எல்லை தாண்டும்போது நம்மிடம் கேட்டுவிட்டா தாண்டுகிறது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். வங்கதேசத் தரவு உடனே பயன்பட்டதற்குக் காரணம், பிரேசிலிலும் பிற நாடுகளிலும் பல ஆண்டுகளாக மாதிரி சேகரித்து, படித்து வைத்திருந்தவர்கள் இருந்ததுதான். ஒப்பிட ஏடு இல்லாவிட்டால் புதிய ஏடு ஊமை. டெல்டாவிலும் தர்மபுரியிலும் ஆண்டுதோறும் குலை நோய் மாதிரிகளை எடுத்து, வரிசையைப் படித்து, பொதுவில் வைப்பதற்கு இன்று பெரிய பணம் தேவையில்லை. மென்பொருளுக்குப் பணமே தேவையில்லை.

அந்த வேலை உங்கள் வயலில்தான் தொடங்கும். எதிர்ப்புச் சக்தி உள்ளது என்று சொல்லி வாங்கிய ரகத்தில் குலை நோய் வந்தாலோ, நோய் வழக்கமில்லாத பயிரில் கண் வடிவப் புள்ளி தென்பட்டாலோ, மருந்து அடிப்பதற்கு முன் நோயுள்ள இலையையோ கதிர்க் கழுத்தையோ பறித்துக்கொள்ளுங்கள். பாலிதீன் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும். காகித உறையில் போட்டு நிழலில் உலர்த்துங்கள். உறையின் மேல் ஊர், ரகத்தின் பெயர், விதைத்த தேதி, நோயை முதலில் பார்த்த தேதி, இதுவரை இட்ட யூரியாவின் அளவு ஆகியவற்றை எழுதுங்கள். முழு வயலும் ஒன்று, தாக்கிய செடி ஒன்று என இரண்டு படங்களைச் செல்பேசியில் எடுத்துக்கொண்டு, உங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுங்கள். வெளி மாவட்டத்துச் சொந்தக்காரரிடம் காட்டுவதற்காக நோயுள்ள பயிரைப் பேருந்தில் எடுத்துப் போக மட்டும் வேண்டாம். படத்தை அனுப்பினால் போதும்.