ரெண்டு காலும் தரையில் எட்டணுமா?

சைக்கிள் சங்கதி – 9

புது சைக்கிள் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது, “ஏறி உட்காருங்க சார், கால் எட்டுதா பாருங்க” என்பதுதான். சீட்டில் உட்கார்ந்தபடியே ரெண்டு பாதமும் தரையில் பதிந்துவிட்டால் அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. அந்த உயரத்திலேயே நட்டை முறுக்கிக் கையில் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு அந்த சீட்டை யாரும் தொடுவதில்லை. கொஞ்ச நாளில் முழங்கால் வலி எட்டிப் பார்க்கும். ‘வயசாயிடுச்சு போல’ என்று சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் ஒதுக்கிவிடுவோம்.

கால் எட்டுவது நிற்பதற்கு வசதி. மிதிப்பதற்கு அந்த உயரம் பெரும்பாலும் போதாது. பெடல் அடிமட்டத்துக்கு வந்தாலும் தரையிலிருந்து சுமார் நாலு அங்குலம் மேலேதான் நிற்கும். ஆகவே தரையில் பாதம் முழுசாகப் பதிகிற உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவரின் கால் ஒரு சுற்றில்கூட நீளுவதில்லை. பெடல் மேலே வரும்போது முழங்கால் இன்னும் ஒடுங்கி மடங்கும். அந்த நிலையில் அழுத்தும்போது முழங்கால் சில்லு தொடை எலும்பின் மேல் இறுகி அழுந்துகிறது. நிமிடத்துக்கு 60 சுற்று என்று மெதுவாக மிதித்தாலும் ஒரு மணி நேரத்தில் ஒரு காலுக்கு 3,600 முறை. வலிக்காமல் என்ன செய்யும்?

உடம்புக்கேற்ப வண்டியை மாற்றலாம் என்ற எண்ணமே நமக்கு வராததில் ஆச்சரியமில்லை. வீட்டுக்கு ஒரு சைக்கிள், அதுவும் அப்பா உயரத்துக்கு வாங்கியது. பையன் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல் அடித்துத்தான் பழகினான். இன்றைக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கிடைக்கிறது. ஒரே வகுப்பில் நாலே முக்கால் அடிப் பிள்ளையும் இருக்கும், ஆறடியைத் தொடுகிற பிள்ளையும் இருக்கும். சீட்டை ஏற்றி இறக்க ஒரு ஸ்பேனர் போதும். வண்டியைக் கொடுக்கிற அன்றே அந்த ஐந்து நிமிட வேலையையும் சொல்லிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, எவ்வளவு உயரம்? வீட்டிலேயே பார்க்கலாம். சைக்கிளைச் சுவர் ஓரமாக நிறுத்தி, சுவரைப் பிடித்தபடி ஏறி உட்காருங்கள். எப்போதும் ஓட்டுகிற செருப்போ ஷூவோ காலில் இருக்கட்டும். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீளவேண்டும். அதற்காக இடுப்பை ஒருபக்கமாகச் சாய்க்கவும் கூடாது. அந்த உயரம்தான் தொடக்கம். ஓட்டும்போது குதிகாலை எடுத்துவிட்டு முன்பாதத்தால் மிதிப்பீர்கள் அல்லவா, அப்போது முழங்காலில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். அந்த மடிப்பு 25 முதல் 35 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்பதுதான் சைக்கிள் பொருத்துகிறவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு.

அளந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு இன்னொரு வழி. வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, கால்களுக்கு இடையே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மேலே முட்டும்வரை தூக்கிப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்புவரை அளக்கவேண்டும். அதை 0.883 ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சிலிருந்து சீட்டின் மேல்பகுதிவரை இருக்கவேண்டிய தூரம் கிடைக்கும். 80 செ.மீ. என்றால் சுமார் 70.6. பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமாரிடம் கற்ற இந்தக் கணக்கைப் பிரபலமாக்கியவர், 1986-ல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற முதல் அமெரிக்கர் கிரெக் லெமாண்ட். கணக்கு சொல்வதும் குதிகால் சொல்வதும் ஒன்றிரண்டு செ.மீ. வித்தியாசப்படும். நான் குதிகாலைத்தான் நம்புவேன். அதற்கு டேப்பும் கால்குலேட்டரும் வேண்டாம்.

புது உயரம் இரண்டு அங்குலம் அதிகம் என்று தெரிந்தால் ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள். அரை செ.மீ. ஏற்றி, சில நாள் ஓட்டி, பிறகு இன்னொரு அரை. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் இன்னும் தாழ்வு. பின்பக்கம் இழுத்தாலோ, பின்னால் வருகிறவர் கண்ணுக்கு உங்கள் இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடுவது தெரிந்தாலோ ஏற்றியது அதிகம். சீட் குழாயில் இதற்கு மேல் வெளியே இழுக்காதே என்று ஒரு கோடு பொறித்திருக்கும். அதைத் தாண்டினால் குழாயோ ஃபிரேமோ உடையலாம்.

“அப்போ சிக்னல்ல எப்படிங்க நிக்கிறது?” சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, பாருக்கு இருபுறமும் காலூன்றி நிற்கவேண்டியதுதான். பழக ஒரு வாரம் ஆகும். புதிதாக ஓட்டுகிறவர்களும் வயதானவர்களும், நெரிசலில் அடிக்கடி நின்று நின்று போகிறவர்களும் நுனிக்கால் எட்டுகிற அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். முழங்காலுக்காக விழுந்து கையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எல்லா வலியும் இப்படி அளந்தால் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பெல்ஜியத்தின் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் 1969 செப்டம்பரில் பிரான்ஸின் ப்ளுவா நகரப் பந்தயத் திடலில் விழுந்தார். அவருக்கு முன்னால் மோட்டார் வண்டியில் சென்ற வழிகாட்டி ஃபெர்னாண்ட் வாம்ப்ஸ்ட் இறந்துபோனார். மெர்க்ஸுக்கு இடுப்பு பிசகியது. அதன் பிறகும் நான்கு முறை டூர் டி பிரான்ஸை வென்றவர், சீட் உயரத்தில் மட்டும் கடைசிவரை திருப்திப்படவில்லை. ஏற்றுவதும் இறக்குவதுமாகவே இருந்தார். உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இல்லாதபோது எந்த உயரமும் ஒரு பக்கத்துக்குத்தான் சரியாக இருக்கும்.

உயரம் அமைந்த பிறகுதான் மற்றதெல்லாம். சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் தொடைச்சந்து மரத்துப்போகும். கீழே குனிந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே வரும். அதைத் தடுக்கக் கை ஊன்றி, உள்ளங்கை வலிக்கும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகிறதே என்று கையுறை வாங்குகிறவர்கள் முதலில் சீட் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். சீட்டின் மேல் நீளவாக்கில் ஒரு ஸ்கேலை வைத்தால் தெரிந்துவிடும்.

உட்காரும் இடம் வலிக்கிறதே என்று சீட்டுக்கு ஜெல் உறை வாங்குகிறவர்களும் முதலில் சீட்டைத்தான் பார்க்கவேண்டும். உட்காரும்போது நம் எடையைத் தாங்குபவை பின்புறத்தின் இரண்டு எலும்பு முனைகள். உறை மெத்தென்று இருந்தால் அவை உள்ளே புதைந்து, நடுவில் உள்ள மென்மையான பகுதியில் அழுத்தம் ஏறும். கால் மணி நேரத்துக்குச் சுகமாக இருக்கும் அந்த உறை ஒரு மணி நேரத்தில் எரிச்சலாகிவிடும். அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒரு ஸ்டூலின்மேல் போட்டு, சற்றுக் குனிந்தபடி உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழிகள் விழுந்திருக்கும். அந்தக் குழிகள் இரண்டும் சீட்டின் அகலத்துக்குள் அடங்கவேண்டும். சராசரியாகப் பெண்களுக்கு இந்த இடைவெளி அதிகம் என்பதால், ஒல்லியான ரேஸ் சீட் அவர்களில் பலருக்கு ஒத்துவருவதில்லை.

கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்கிறதென்றால் ஹேண்டில்பார் தாழ்வாகவோ தொலைவாகவோ இருக்கிறது. பழைய மாடல் வண்டிகளில் ஹேண்டில் கம்பின் உச்சியில் ஒரு போல்ட் இருக்கும். அதை இரண்டு மூன்று சுற்று தளர்த்தினாலும் ஹேண்டில் அசையாது. உள்ளே ஆப்பு இறுகிக் கிடக்கும். போல்டின் தலைமேல் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் டக்கென்று விடும். வேண்டிய அளவு உயர்த்தி, முன்சக்கரத்துக்கு நேராக வைத்து, திரும்ப இறுக்குங்கள். இறுக்கியபின் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் கவ்விக்கொண்டு ஹேண்டிலைத் திருகிப் பாருங்கள். அசைந்தால் இன்னும் முறுக்கவேண்டும். இந்தக் கம்பிலும் எல்லைக்கோடு உண்டு.

இத்தனையும் செய்த பிறகும் ரோட்டின் ஒவ்வொரு குழியும் இடுப்பில் இடித்தால், அது பொருத்தத்தின் குற்றமாக இருக்காது. டயரில் காற்றைக் கல்லாக அடைத்து ஓட்டுகிறீர்கள். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.