மீனில் புழு: அஞ்ச வேண்டுவது எதற்கு?

உத்திரமேரூருக்குக் கடலில்லை; கடல் மீன் வண்டியேறி வருகிறது. அதன் வயிற்றில் நூல்போல் சுருண்டிருக்கும் புழுவைக் கண்டு மீனையே வெறுப்போர் உளர். அப்பீதி அநாவசியம் என்போம்.

அனிசாகிஸ் என்னும் இப்புழு திமிங்கலத்தின் வயிற்றில் வளர்ந்து முட்டையிடுவது. அதன் குஞ்சு, கூனி போன்ற சிற்றுயிர் வழியாக மீனை அடைகிறது. மீனைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்போருக்கே பெரும்பாலும் இதனால் வயிற்று நோய் உண்டாகும். 1960-ல் ஹாலந்தில், வேகாத ஹெர்ரிங் மீன் தின்றோரிடம் இந்நோய் கண்டறியப்பட்டது. அந்நாட்டார் மீனை விலக்கினாரில்லை, உறையவைத்தே விற்க வேண்டுமென 1968-ல் விதி செய்தனர், நோய் ஒடுங்கிற்று. மீனின் உட்புறம் 60 டிகிரி உஷ்ணத்தில் ஒரு நிமிஷம் வெந்தாலே புழு மடியும். கொதிக்கும் நம் குழம்பில் அதற்கு உயிரேது?

ஆயின், அடுப்பு செய்யும் காவலைச் சந்தை செய்ய வேண்டாமா? குடலை உடனே நீக்காவிடில், இறந்த மீனின் சதைக்குள் புழு ஏறுவதுண்டு. ஐஸின்றி வெயிலில் கிடக்கும் மீனோ இதனினும் கொடிது. கானாங்கெளுத்தி, சூரை முதலியவற்றில் அவ்வாறு விளையும் ஹிஸ்டமின் என்னும் நஞ்சைக் கொதிநீரும் போக்காது.

இதற்காகக் கூடை சுமக்கும் பெண்களைப் பழிப்பது தகாது. ஐஸும், நல்ல நீரும், நிழலும் அவர்களுக்கு அளித்தவர் யார்? பராந்தக சோழன் காலத்தில் ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொன்னுக்கும் தனித்தனி வாரியம் வகுத்ததை 921-ஆம் வருஷத்துச் சாசனத்தில் பொறித்து வைத்த ஊர் இது. இன்றைய பேரூராட்சிக்கு ஒரு மீன் சந்தையைச் சீர்செய்தல் பெரிய காரியமன்று. அதைக் கேட்டுப் பெறுதல் ஊராரின் கடமை.