திரும்பி வரும் ஒளி சொல்லும் தூரம்

மலையடிவாரத்தில் நின்று ஓங்கிக் குரல் கொடுக்கிறீர்கள். 4 விநாடி கழித்து எதிரொலி கேட்கிறது. மலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். போக 2 விநாடி, வர 2 விநாடி. ஆகவே மலை 680 மீட்டர் தொலைவில் உள்ளது. குரலுக்குப் பதிலாக ஒளியை அனுப்பி இதே கணக்கைப் போடும் கருவிதான் லேசர் தூரமானி.

நில அளவையாளர்களும் கோல்ஃப் ஆடுவோரும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இதற்குக் கடுமையான சோதனை வைப்பவர்கள் நெடுந்தூர இலக்கைச் சுடும் போட்டியாளர்கள்தாம். அமெரிக்கா போன்ற நாடுகளில் திறந்த வெளியில் 1000 மீட்டருக்கு அப்பாலும் இரும்புத் தகடுகளை நிறுத்தி இப்போட்டிகளை நடத்துகிறார்கள். சில போட்டிகளில் தூரத்தைப் போட்டியாளரே கண்டறிய வேண்டும்.

தூரம் ஏன் தெரிய வேண்டும்?

துப்பாக்கிக் குண்டு நேர்கோட்டில் செல்வதில்லை. குழலை விட்டு வெளியேறிய கணமே புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கத் தொடங்குகிறது. 1000 மீட்டரைக் கடக்க அதற்கு ஒன்றரை விநாடி ஆகிறது என்று கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டு, நீங்கள் படித்த ½gt² வாய்பாட்டில் இட்டுப் பாருங்கள். குண்டு 11 மீட்டர் இறங்கியிருக்கும்! அதற்கேற்ப உயர்த்திக் குறிபார்க்க வேண்டும். தூரத்தைத் தவறாகக் கணித்தால், குண்டு மேலோ கீழோ போய்விடும். 50 செ.மீ. விட்டமுள்ள தகட்டின் நடுவைக் குறிவைத்தவருக்கு இது தோல்வியில் முடியலாம்.

நுண்ணிய கடிகாரம்

தூரமானியின் பொத்தானை அழுத்தியதும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்த் துடிப்புகள் புறப்படுகின்றன. இலக்கில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி கருவியின் வில்லைக்குத் திரும்புகிறது. 600 மீட்டர் தொலைவுக்குப் போய்வர ஒளிக்கு 4 மைக்ரோ விநாடியே போதும். ஒரு மீட்டர் பிழையின்றி அளக்க வேண்டுமானால், கடிகாரம் சுமார் 7 நானோ விநாடி வேறுபாட்டை உணர வேண்டும். இன்றைய மின்னணுச் சுற்றுகளுக்கு இது எளிது. கடினமான வேலை வேறொன்று: திரும்பி வரும் மங்கலான ஒளியை அடையாளம் காண்பது.

பெட்டியில் எழுதிய எண்

ஒரு கருவியின் பெட்டியில் '2000 மீட்டர்' என்று அச்சிட்டிருக்கலாம். அது பெரும்பாலும் ஒளியை நன்றாகத் திருப்பியனுப்பும் இலக்குக்குரிய எண். மங்கலான பாறையோ மரமோ எதிரே இருந்தால் அதில் பாதி தூரத்தைக்கூட அளக்க முடியாமல் போகலாம். நண்பகல் வெயிலும் இடைஞ்சல்தான். சந்தையின் இரைச்சலில் மெல்லிய குரல் அமுங்குவது போல, சூரிய ஒளியில் லேசரின் எதிரொலி அமுங்கிவிடுகிறது.

லேசர்க் கற்றை விரியாமல் செல்லும் என்று நினைக்காதீர்கள். 1000 மீட்டரில் 1 மீட்டர் அகலத்துக்கு விரிந்தால் அதை 1 மில்லிரேடியன் விரிவு என்பார்கள். விரிவு 1.5 மில்லிரேடியன் என்றால் அங்கே ஒன்றரை மீட்டர் அகல வட்டமாக ஒளி விழும். நம் 50 செ.மீ. தகட்டின் மேல் விழுவது அதில் ஒன்பதில் ஒரு பங்குதான். மீதி ஒளி பின்னாலுள்ள மண்மேட்டில் பட்டுத் திரும்பினால், கருவி மேட்டின் தூரத்தையே காட்டும். எனவே கருவியைத் தேர்ந்தெடுப்பவர் பெட்டியிலுள்ள பெரிய எண்ணைவிடக் கற்றையின் விரிவை முதலில் பார்க்க வேண்டும்.

இலக்கு உயரத்தில் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. 30 பாகை ஏற்றத்தில் 500 மீட்டர் என்றால், கிடைமட்டத் தூரம் 500 × cos 30°, அதாவது 433 மீட்டர். குண்டின் இறக்கத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்தக் கிடைமட்டத் தூரமே. சாய்வுமானி பொருத்திய கருவிகள் இதைத் தாமே கணக்கிட்டுவிடும்.

கண்ணுக்குக் காவல்

பல கருவிகள் 905 நானோமீட்டர் அலைநீள ஒளியை அனுப்புகின்றன. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இவ்வொளி விழித்திரை வரை செல்லும். ஆகவே அதன் ஆற்றலைக் குறைவாகவே வைக்க வேண்டியிருக்கிறது. 1550 நானோமீட்டர் ஒளியைக் கண்ணின் முன்பகுதியிலுள்ள நீர் உறிஞ்சிக்கொள்வதால், அதைக் கூடுதல் ஆற்றலுடன் அனுப்ப முடியும். ஆனால் அத்தகைய கருவிகளின் விலை அதிகம். எந்த லேசராயினும் அதனுள் நேராகப் பார்ப்பதோ பிறர் கண்ணில் அடிப்பதோ கூடாது.

நிலவுக்கும் இதே முறை

1969 ஜூலையில் அப்போலோ 11 வீரர்கள் 100 சிறு பட்டகங்கள் கொண்ட பலகையை நிலவில் வைத்துவிட்டு வந்தனர். எத்திசையிலிருந்து ஒளி வந்ததோ அத்திசைக்கே அதைத் திருப்பியனுப்பும் பட்டகங்கள் அவை. பூமியிலிருந்து சென்ற லேசர்த் துடிப்பு சுமார் இரண்டரை விநாடியில் திரும்புகிறது. நிலவைச் சேர்வதற்குள் கற்றை கிலோமீட்டர் கணக்கில் விரிந்துவிடுவதால், வந்து சேர்வது விரல்விட்டு எண்ணத்தக்க ஒளித்துகள்களே. ஆனாலும் நிலவு ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிச் செல்கிறது என்பதை அவற்றைக் கொண்டே அறிந்தோம். அனுப்பிய ஒளி எவ்வளவு என்பதைவிடத் திரும்பிய ஒளி எவ்வளவு என்பதே முக்கியம். கையடக்கக் கருவியானாலும் வானாய்வுக்கூடமானாலும் விதி ஒன்றுதான்.